ரோதமுனி துப்பிய சுருட்டு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

உங்கள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசும்படி முதலாளி சொன்னார். நான் பேசுகிறவன் இல்லை. கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது. யாராவது சத்தமாக வாசித்தால் மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

நான் சுருட்டு ருசி பார்க்கிறவன் ஆனதற்கே இந்தக் கூச்சம்தான் காரணம். வாயில் சுருட்டு இருக்கும்வரை உங்களை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு புகை விட்டால், ஆள் பெரிய யோசனையில் இருக்கிறான் என்று நினைத்துத் தள்ளிப் போய்விடுவார்கள். இப்படியே என் காலம் நிம்மதியாகக் கழிந்தது. கடைசியில் டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இனி ஒரு இழுவைகூடக் கூடாது" என்றார். ஒரு சுருட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் அரை நாள் எடுப்பேன். எனக்கு அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வயதிலேயே ஓய்வு.

இலை பிரிப்பது, நனைப்பது, சுற்றுவது எல்லாம் பலகையில் உட்கார்ந்தால் கை தானாகப் படித்துக்கொள்ளும். நான் சொல்லப் போவது வேறு. நீங்கள் கொடுத்த சுருட்டை ஒருவர் உங்கள் கண்முன்னே துப்பினால் என்ன செய்ய வேண்டும்? அதுவும் துப்பியவர் சாமியாக இருந்தால்?

ஒரு மழை நாளில் வட்டகொடைப் பக்கத்திலிருந்து டீமேக்கர் ஐயா நம் ஹட்டன் கடைக்கு வந்தார். அவர் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையைப் பூட்டிச் சில வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் காற்சட்டையை இஸ்திரி போட்டு, ஸ்டோருக்கு, அதாவது அந்தத் தொழிற்சாலைக்கு, போகிறவர் மாதிரியே வருவார். கையில் ஒரு சாக்குப் பை. அதிலிருந்து ஒரு கட்டு இலையை எடுத்து முதலாளியின் மேசையில் வைத்தார்.

இலை பச்சையாக இருந்தது. லேசான பச்சை இல்லை, இப்போதுதான் செடியில் ஒடித்த மாதிரிப் பச்சை.

"என்னங்க ஐயா, வல்லாரையா?" என்றார் முதலாளி.

"மேலிலை. சுருட்டுக்கு மேல சுத்துறதுக்கு."

"காயாத இலைய எப்படிங்க சுத்துறது?"

"காஞ்சிருச்சு. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. பட்டுத் துணி மாதிரி மெல்லியது, நரம்பு தெரியவில்லை. கலேவெலப் பக்கம் விளையும் புகையிலையைப் பறித்த கையோடு லொறியில் ஏற்றி, பூட்டிக் கிடந்த ஸ்டோரின் மேல்மாடிக்குக் கொண்டுவந்திருக்கிறார். கொழுந்து வாட்டும் மாடி அது. அங்கே தேயிலைக் கொழுந்துக்கு ஊதுகிற மாதிரியே பெரிய காற்றாடியால் சூடான காற்றை ஊதியிருக்கிறார். மற்ற இலைகள் வாரக்கணக்கில் தொங்கித் தொங்கிப் பழுப்பாகும். இது பச்சை மாறுவதற்குள் காய்ந்துவிட்டது. புகையிலைக்குத் தேயிலை வைத்தியம்.

நம் ஆட்கள் அன்றைக்கு வேலையே செய்யவில்லை. ஆளுக்கொரு பேச்சு.

"சுத்தினா பச்சப் புழு மாதிரி இருக்குமே. குடிக்கிறவன் வாயில ஊர்ந்து போயிராது?"

"ஆட்டுக்குட்டி வளக்கிறவங்க குடிக்க முடியாது. கையிலயிருந்து புடுங்கித் தின்னுரும்."

டீமேக்கர் ஐயா எதற்கும் அசையவில்லை. உள்ளே வழக்கமான புகையிலையை வைத்து, மேலே அவருடைய இலையைச் சுற்றி ஒன்று கொடுத்தோம். அவர் காலமெல்லாம் தேயிலைச் சாயத்தை உறிஞ்சிப் பார்த்துத் தரம் சொன்னவர். சுருட்டையும் அதே மாதிரி "சர்ர்" என்று சத்தமாக உறிஞ்சினார். புகை எந்த வழியாகப் போனதோ தெரியாது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமல் நின்றதும் வாளியைத் தேடி எச்சிலைத் துப்பிவிட்டு, "நல்ல ப்ளேவர்" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நம் முதலாளி தொழுகையில் ஒரு நேரம் தவறாதவர், வெற்றிலைகூடப் போடாதவர். புகை பட்டால் தும்முவார். சுருட்டு வியாபாரத்தில் அவருக்கு நாக்கு நான்தான்.

"கருப்பையா, ஆமாவா, இல்லையா?"

நான் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். முதல் ஒரு விரற்கடை புல் மாதிரி இருந்தது. மழைக்குப் பிறகு கொழுந்துக் கூடைக்குள் முகத்தை விட்டால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கே துப்பலாம் போல இருந்தது. அதைத் தாண்டியதும் புல் அடங்கி, வறுத்த பயறு வாசம் மெல்ல வந்தது. நாக்கின் ஓரத்தில் இனிப்பு. சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. நம் கறுப்புச் சுருட்டில் பனங்கட்டி காய்ச்சி ஊற்றிய கோடாப் பாகு எல்லாக் குறையையும் மூடிவிடும். இந்த இலை எதையும் மூடவில்லை. உள்ளே இருப்பதை அப்படியே காட்டியது. நல்ல இலைதான். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த முதல் விரற்கடையைப் பொறுத்துக்கொள்வார்கள்?

"இன்னும் ரெண்டு குடிச்சுப் பாக்கிறேன் முதலாளி."

"இந்தக் கட்ட நீ ஒருத்தனே குடிச்சு முடிச்சிருவ போல."

நான் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அங்கே ஸ்டோரில் காற்றாடியின் பெல்ட் அறுந்தது. அறுந்த பெல்ட் பறந்து போய், மாடியில் வேலையாக நின்ற சரோஜா அக்காவின் தலைத்துணியைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு விரல் கீழே வந்திருந்தால் காது போயிருக்கும். அந்த மாடியில் இலை விரிக்கப் பழைய ஸ்டோர்ப் பெண்கள் சிலர் திரும்ப வந்திருந்தார்கள். பூட்டிய நாள் முதல் கொழும்பில் வீட்டு வேலை, தலவாக்கலையில் கடை வேலை என்று அலைந்தவர்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்ததில் அவர்களுக்கு மூச்சு வந்திருந்தது. ஆனால் பெல்ட் அறுந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"ரோதமுனிக்குச் சொல்லாம காத்தாடியப் போட்டீங்கல்ல, அதான்" என்று சரோஜா அக்கா டீமேக்கர் ஐயாவிடம் சொல்லிவிட்டார். "பூச போடுங்க. சாமி சரின்னு சொன்னா வர்றோம். இல்லாட்டி நீங்களும் ஒங்க புகையிலையும்."

ரோதமுனி யார் என்று டவுனில் வளர்ந்த தம்பிமாருக்குத் தெரியாமல் இருக்கலாம். ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரில் சுற்றுகிற சக்கரங்களுக்கெல்லாம் காவல் சாமி அவர். அவரைக் கேட்காமல் பழைய ஆட்கள் ஒரு இயந்திரத்தையும் தொட மாட்டார்கள். சேவல், சாராயம், சுருட்டு, இதுதான் அவருக்குப் படையல்.

அடுத்த லொறி திங்கட்கிழமை வர இருந்தது. பெண்கள் மாடி ஏறாவிட்டால் பச்சை இலை குவியலாகவே அவிந்து போகும். டீமேக்கர் ஐயாவிடம் இன்னொரு லொறிக்கு வழி இல்லை. பூட்டு மறுபடி தொங்கும். அந்தப் பெண்கள் மறுபடி கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். எல்லாம் வெள்ளிக்கிழமைப் பூசையில் சாமி என்ன சொல்கிறார் என்பதில் நின்றது.

டீமேக்கர் ஐயா ஒரு முடிவில் இருந்தார். "அவரு வீட்டு மாடியில காஞ்ச எலை. மொத சுருட்டு அவருக்குத்தான்."

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பச்சையக் கொண்டு போ. பையில ஒரு கட்டு கறுப்பும் வச்சிக்க. ஒங்க சாமி சுருட்டு விசயத்துல எப்படின்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது முதலாளி."

"தெரியாமத்தான் இவ்வளவு நாளா அவருக்குச் சுருட்டு விக்கிறோமா?"

வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் ஸ்டோர் வாசலில் கூட்டம் நிறைந்துவிட்டது. பெரிய ரோதைக்குப் பக்கத்தில் இருந்த சூலத்துக்கு எலுமிச்சம்பழம் குத்தி, மாலை போட்டிருந்தார்கள். மூன்று கல் வைத்து, கவாத்து வெட்டிய தேயிலை விறகில் பொங்கல் கொதித்தது. சாமியாடுகிறவர் லோகநாதன் அண்ணன். முன்பு அதே ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரில் நின்றவர். இப்போது தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டுகிறார். நம் கடைக்கு வாராவாரம் வருகிறவர்தான். அமைதியான மனுசன்.

தப்பு அடிக்கத் தொடங்கினதும் அந்த அமைதியான மனுசன் இல்லை. கண் மேலே சொருகி, உடம்பு நடுங்கி, ஒரே பாய்ச்சலாக ரோதைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் யாருன்னு தெரியுதாடா?"

"தெரியுது சாமி" என்றது கூட்டம்.

"என் ரோதைய நிப்பாட்டிட்டு, பூட்டத் தொங்க விட்டுட்டுப் போனீங்களேடா! இத்தன வருசத்துல ஒருத்தன் வந்து ஒரு பீடி குடுத்தானா?"

உண்மைதானே. டீமேக்கர் ஐயா தாம்பாளத்தை நீட்டினார். அதில் சாராயப் போத்தல், பழம், நடுவில் பச்சைச் சுருட்டு. சாமி அதை எடுத்துத் தட்டில் எரிந்த சூடத்தில் பற்றவைத்தார். அங்கே வழக்கம் அப்படித்தான். ஒரு இழுவை. இரண்டு. பிறகு முகத்தைச் சுளித்து, "தூ!" என்று துப்பினார். சுருட்டு உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது.

தப்பு நின்றுவிட்டது.

"என்னடா எலை இது?" என்று கத்தினார் சாமி. "மருந்துக் கடையா நடத்துறீங்க?"

சரோஜா அக்கா கையைக் கட்டிக்கொண்டு டீமேக்கர் ஐயாவைப் பார்த்தார். "சொன்னேன்ல?"

டீமேக்கர் ஐயா சும்மா இருந்திருக்கலாம். அவர் சாமியோடு வாதாடத் தொடங்கினார். "சாமி, நீங்க அவசரப்படுறீங்க. இதோட ப்ளேவர் பின்னாலதான் வரும்."

"யாரப் பாத்துடா அவசரம்னு சொல்ற?"

"கருப்பையா" என்று என் காதில் யாரோ கிசுகிசுத்தார்கள், "அந்தக் கறுப்ப எடுத்துக் குடுத்து முடிச்சு விடப்பா."

கை பைக்குள் போய்விட்டது. கறுப்பைக் கொடுத்தால் சாமி அடங்கிவிடுவார், நானும் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் எடுக்க முடியவில்லை. சாமி சொன்ன அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

தம்பிமாரே, இதைத்தான் சொல்ல வந்தேன். ஒருவர் துப்பும்போது அவருடைய கோபத்தைப் பார்க்காதீர்கள். அவர் வாயில் வந்த சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாமி "புல்லு" என்று திட்டியிருந்தால் குறை இலையில்தான், நான் கறுப்பை எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் சொன்னது மருந்து. அந்த இலையில் நான் எத்தனையோ குடித்தேன். ஒன்றிலும் மருந்து இல்லை. அப்படியானால் மருந்து எங்கிருந்து வந்தது?

குனிந்து சுருட்டை எடுத்து முகர்ந்தேன். சூடம். கோயிலுக்குள் நுழைந்த மாதிரி ஒரே சூடம். இத்தனை காலமும் கறுப்புச் சுருட்டைச் சூடத்தில் பற்றவைத்தார்கள், கோடாப் பாகு அதை விழுங்கிவிட்டது. இந்த மெல்லிய இலை சூடப் புகையை அப்படியே குடித்துவிட்டு, அதையே சாமியின் வாயில் கொடுத்திருக்கிறது.

தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமே! அதுவும் சாமியிடம், சாமி பற்றவைத்தது தப்பு என்று.

"சாமி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சரோஜா அக்கா, "இந்தாளு என்னமோ சொல்றாரு, எல்லாரும் சும்மா இருங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டார். அதற்கு அவர் அதட்டாமலே இருந்திருக்கலாம். இப்போது அத்தனை கண்ணும் என்மேல்.

"எலையில குத்தம் இல்ல சாமி. சூடத்துல குத்தம். வெறகு நெருப்புல வச்சா மருந்து வராது."

சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீயே பத்தவச்சுக் குடுடா."

இன்னொரு பச்சைச் சுருட்டை எடுத்துக்கொண்டு பொங்கல் அடுப்புக்குப் போனேன். எரிகிற தேயிலைக் குச்சி ஒன்றை உருவினேன். பழக்கத்தில் சுருட்டை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"அய்யய்யோ, எச்சில்!" என்று பெண்கள் அலறினார்கள்.

கை பாதியில் நின்றது. சாமிக்குப் படைப்பதில் மனுசன் எச்சில் படக் கூடாது. ஆனால் இழுக்காமல் சுருட்டு எப்படிப் பற்றும்? நெருப்பில் சும்மா காட்டினால் ஓரம் கருகும், நடு பற்றாது. கருகிய ஓரம் கசக்கும். இன்னொரு தடவை துப்பினால் எல்லாம் முடிந்தது. ருசி பார்க்கிறவனுக்கு வாய்தான் ஆயுதம். அந்த வாயைக் கட்டிப் போட்டுவிட்டு வேலையைச் செய் என்கிறார்கள்.

மழையில் மலையில் நிற்கும் ஆண்கள் சுருட்டு நனையாமல் எப்படிக் குடிப்பார்கள் என்று ஞாபகம் வந்தது. சுருட்டின் அடியை விரல் இடுக்கில் செருகி, கையைப் பொத்திக்கொண்டு, பெருவிரல் பக்கமாக இழுப்பார்கள். அப்படியே செய்தேன். உதடு என் கையில்தான் பட்டது, சுருட்டில் படவில்லை. நுனி வட்டமாகச் சிவந்தது.

"இது எச்சில் கணக்குல வருமா, வராதா?" என்று கூட்டத்தில் ஒரு வழக்கே தொடங்கிவிட்டது. "மூச்சு பட்டிருக்கே" என்றார் ஒருவர். "மூச்சு பட்டா எச்சின்னா நீங்க ஊதி ஊதி எரிச்ச பொங்கலும் எச்சிதான்" என்றார் சரோஜா அக்கா. வழக்கு முடிந்தது.

சாமி வாங்கி இழுத்தார். எனக்கு அடுத்த பயம். அந்த முதல் விரற்கடைப் புல்! அவர் புருவம் நெரிவதைப் பார்த்தேன். உதடு குவிந்தது.

"சாமி, துப்பிராதீங்க!" என்று கத்திவிட்டேன். "கொஞ்சம் பொறுங்க. இன்னும் நாலு இழுவ. அப்புறம் மாறும்."

என் வாழ்க்கையில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒரு சாமியைப் பார்த்து. கூட்டம் என்னைப் பார்த்த பார்வையில், என்னை உடனே பொங்கல் பானையில் போட்டாலும் தப்பில்லை என்று எழுதியிருந்தது.

சாமி பொறுத்தார். இழுத்தார். மறுபடி இழுத்தார். நெரிந்த புருவம் மெல்லப் பிரிந்தது. ரோதைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். சேவலையும் கேட்கவில்லை, சாராயத்தையும் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரல் சுடும்வரை அந்தச் சுருட்டைக் குடித்து முடித்தார். தப்புக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். பெடியன்கள் கைபேசியை உயர்த்தி வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோதையப் போடுடா" என்றார் சாமி. மலையேறிவிட்டார்.

டீமேக்கர் ஐயா துள்ளிவிட்டார். சரோஜா அக்கா அவரை நிறுத்தினார். "சாமி சரின்னுட்டாரு. சரி. நீங்க மொதல்ல பெல்ட்டப் புதுசா மாத்துங்க. காத்தாடிக்கு ஒரு கம்பி வல போடுங்க. எல்லாத்துக்கும் சாமியே வந்து நிக்க மாட்டாரு."

திங்கட்கிழமை லொறி வந்தபோது பெல்ட்டும் மாறியிருந்தது, வலையும் போட்டிருந்தது. பெண்கள் மாடி ஏறினார்கள்.

பச்சைச் சுருட்டு கடைக்கு வந்தது. நம் முதலாளி அதை முன்வரிசையில் அடுக்கினார். ஒருவர் வாங்கவில்லை. கையில் எடுப்பார்கள், சிரிப்பார்கள், வைத்துவிடுவார்கள். முதலாளி என்னைப் பார்க்கும் பார்வை நாளுக்கு நாள் நீண்டது. பிறகு மற்றத் தோட்டங்களிலிருந்து பூசாரிமார் வரத் தொடங்கினார்கள். எல்லோர் கைபேசியிலும் அந்தப் படம். "எங்க முனியாண்டிக்கும் அந்தப் பச்ச வேணும்", "எங்க மாடசாமி கனவுல வந்து கேட்டாரு" என்றார்கள். பற்றவைக்கும் முறையை ஒவ்வொருவருக்கும் கையைப் பொத்திக் காட்டிக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. இன்றைக்கும் நீங்கள் சுற்றுகிற பச்சைச் சுருட்டில் பெரும்பகுதி கோயில்களுக்குத்தான் போகிறது. அந்த மாடியில் காற்றாடி சுற்றுவது சாமிமார் தயவில்தான்.

பூசைக்குப் பிறகு பல வாரமாக இந்தப் பக்கம் வராமலிருந்த லோகநாதன் அண்ணன் ஒரு நாள் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். முதலாளி ஆவலோடு ஒரு பச்சைச் சுருட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சீ, என்ன இது, பச்சப் பசேல்னு? இத எவன் குடிப்பான்?"

முதலாளி கைபேசியை எடுத்து, படத்தைப் போட்டு அவர் கையில் கொடுத்தார். லோகநாதன் அண்ணன் கடைசிவரை பார்த்தார். சாக்கில் சாய்ந்து, கண்ணை மூடி, புகை விடும் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா ரசிச்சுக் குடிக்கிறாரே" என்றார்.

"யாரு?" என்றேன் நான்.

"சாமிதான்."

"வாய் ஒங்களோடதுதானே அண்ணே?"

"வாய் என்னோடது. ருசி அவரோடது" என்று சொல்லி, பச்சைச் சுருட்டை மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்து முதலாளி பக்கம் தள்ளி வைத்தார். "எனக்கு எப்பவும் குடுக்கிற கறுப்பயே குடுங்க."